முப்பந்தலுக்குப் போட்ட கண்ணாடி

ஆடி மாசம் முப்பந்தல் கணவாயில் அடிக்கிற காற்றுக்குப் பெரியவர் சிறியவர் என்ற மரியாதையெல்லாம் கிடையாது. அம்மியையே பறக்கடிக்கிற காற்று. சமையல் மாஸ்டர் பொன்னுலிங்கம் எம்மாத்திரம்!

ஐம்பத்தாறு வயதில் ஆசைப்பட்டு ஒரு சின்ன குரூசர் பைக் வாங்கினார். தோவாளை பிளாரன்ஸ் டீச்சரிடம் ஓட்டப் பழகினார். டீச்சருக்கு இவர் வயதில் பாதிதான் இருக்கும். பைக் ஓட்டக் கற்றுக்கொடுப்பதும், வண்டிக்கு வேண்டியதை மாட்டிக் கொடுப்பதும் தொழில்.

மாஸ்டரின் மனைவி பாக்கியம், கோயில் கொடைத் திருவிழாவுக்காகப் பணகுடியில் தாய்வீட்டில் இருந்தாள். கூப்பிடப் போன மாஸ்டர், வழியில் முப்பந்தலில் காற்று நெஞ்சில் குத்தியதும் வண்டியைத் திருப்பிவிட்டார். மறுபடி போனார். மறுபடியும் திருப்பினார். பாக்கியம் போனில் சொல்லிவிட்டாள்:

"வந்தா பைக்ல வாங்க. இல்லைன்னா அந்த வண்டியை வித்துப் போடுங்க. ஊரு சிரிக்கி."

விற்பதா! மாஸ்டருக்கு மனசே வரவில்லை. விடிந்ததும் டீச்சர் முன்னால் போய் நின்றார்.

"காத்தே படாம போக என்ன வழி டீச்சர்?"

"உங்களுக்கு என்ன வழி தோணுது?"

"வண்டி முன்னால காத்தை மறைக்கப் பெரிய கண்ணாடியா மாட்டுங்க. தலை முழுக்க அதுக்குள்ள இருக்கணும்."

டீச்சர் கடையில் இருந்ததிலேயே பெரிய கண்ணாடியை எடுத்து, ரப்பர் வாசர் வைத்து, அவர் கேட்ட உயரத்திலேயே மாட்டினார்.

மாஸ்டருக்குத் தலைகால் புரியவில்லை. பூச்சந்தையில் மாலை வாங்கி ஹேண்டில்பாரில் போட்டார். கண்ணாடி நடுவில் திருநீற்றுப் பட்டை இழுத்தார். அதன்மேல் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், குங்குமம். எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு கிளம்பினார்.

போன சூட்டோடு திரும்பி வந்தார்.

"டீச்சர், பொட்டு கண்ணை மறைக்கி. பள்ளத்துல இறக்கிட்டேன். துடைச்சிரட்டுமா? நல்ல நாளும் அதுவுமா துடைச்சா சாமி குத்தம் ஆயிராதே?"

"சாமியை எதுக்கு மாஸ்டர் துடைக்கணும்?"

டீச்சர் ஸ்பேனரை எடுத்து நட்டுகளைத் தளர்த்தினார். கண்ணாடியை ஒரு சாண் கீழே இறக்கி, மேல் விளிம்பு மாஸ்டரின் வாய்க்கு நேராக வந்ததும் முறுக்கினார்.

"இப்ப பொட்டு எங்க இருக்கு?"

"நெஞ்சுக்கு நேரா."

"ரோடு?"

"கண்ணாடிக்கு மேல, பளிச்சுன்னு தெரியுது. ஆனா முகத்துல காத்து அடிக்குமே!"

"அடிக்கும்."

"அப்புறம் எதுக்கு டீச்சர் கண்ணாடி?" மாஸ்டருக்குக் கோபமே வந்துவிட்டது.

"கடுகு தாளிக்கும்போது மூடியை எங்க பிடிப்பிய?"

"நெஞ்சுக்கு முன்னால."

"கண்ணுக்கு நேரா பிடிக்கலாமே?"

"நல்லா கேட்டிய போங்க! கடுகு கருகுறது எப்படித் தெரியும்?"

சொல்லி முடித்ததும் மாஸ்டர் கண்ணாடியின் விளிம்பை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். வண்டியை ஸ்டார்ட் பண்ணினார்.

முப்பந்தலில் காற்று காத்துக்கொண்டுதான் இருந்தது. பக்கவாட்டில் ஒரு தள்ளு தள்ளியது. மாலை பிய்ந்து பறந்தது. ஆனால் நெஞ்சில் குத்து விழவில்லை, ரோடு முழுசாய்த் தெரிந்தது.

"வாலே! இன்னைக்கு நீயா நானா பாத்துருவோம்!" என்று காற்றைப் பார்த்துக் கத்தினார். வாய் நிறைய மண். துப்பிவிட்டு மறுபடி கத்தினார். காவல்கிணறு வந்தபிறகுதான் முப்பந்தலைத் தாண்டிவிட்டது தெரிந்தது. ஹோ என்று சிரித்தார்.

சாயங்காலம் பணகுடியிலிருந்து வந்த வண்டி டீச்சர் கடை முன்னால் நின்றது. பின்னாலிருந்து பாக்கியம் இறங்கினாள். தலையில் வைத்த பிச்சிப்பூ கசங்காமல் இருந்தது. மாஸ்டர் ஹெல்மெட்டைக் கழற்றினார். புருவம், மீசை எல்லாம் செம்மண். முகம் கழுவப் பைப்படிக்கு நடந்தார்.

பாக்கியத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

"நீங்க மாட்டுன கண்ணாடி லேசுப்பட்ட கண்ணாடி இல்ல டீச்சர்! முப்பந்தல்ல அந்தக் காத்து அடிக்கி, எனக்கு ஒரு பூ உதிரல பாத்துக்கிடுங்க!"

டீச்சர் வண்டியைப் பார்த்தார். பிறகு பைப்படியைப் பார்த்தார்.

"நான் மாட்டுனது அவருக்கு, அக்கா. உங்க கண்ணாடி அந்தா மூஞ்சி கழுவிக்கிட்டு நிக்கி."

அது காதில் விழுந்த மாஸ்டர் குழாயைத் திறந்தபடியே நின்றார். ஏந்திய கையில் தண்ணீர் நிறைந்து வழிந்துகொண்டிருந்தது.