கழுத்தில் கட்டிய தேக்கிலை

கோடையில் மருதங்காட்டுக் குளம் முழங்கால் அளவுக்கு வற்றிவிட்டது. பக்கத்துக் காட்டு விலங்குகளும் அங்கே வந்து குடிப்பதாகப் புகார் எழுந்தது. யானைத் தலைவர் ஆணையிட்டார்: "இனி அடையாள இலை உள்ளவருக்கே தண்ணீர். இலையைக் கழுத்தில் கட்டிக்கொண்டு வர வேண்டும்."

முள்ளம்பன்றியார் எழுத்தராக அமர்ந்தார். தம் முதுகு முள்ளையே பிடுங்கித் தேக்கிலையில் எழுதினார். பொதுப்பணிக்குச் சொந்த முள்ளைச் செலவிடும் பெருமை அவர் மூக்கு நுனியில் தெரிந்தது.

முயலம்மாவின் முறை வந்தது. வளையில் மூன்று குட்டிகள். முந்தைய நாளிலிருந்து அவள் தண்ணீர் குடிக்கவில்லை; பால் வற்றத் தொடங்கியிருந்தது.

"காலடியைப் பதியுங்கள்."

பதித்தாள்.

"வளை எங்கே? எத்தனை வாசல்? எப்போது உறங்குவீர்கள்? எதற்கு அஞ்சுவீர்கள்?"

"தண்ணீர் குடிக்க வாய் போதாதா, எழுத்தரே? வாசல் எதற்கு?"

"ஆபத்தில் உதவத்தான், அம்மா. ஒளிக்க ஒன்றுமில்லாதவர் தயங்குவானேன்?"

"எனக்கு ஒளிக்க இருக்கிறது. மூன்று பேர்."

"அப்படியானால் தண்ணீர் இல்லை."

சற்றுத் தள்ளி, நீர் அருந்த வந்த காட்டுக்கோழியின் கழுத்திலிருந்த இலையை நரியார் நிதானமாகப் படித்துக்கொண்டிருந்தார். "அடைகாக்கும் இடம், தென்புறப் புதர்... ஆகா, முத்து முத்தான கையெழுத்து, எழுத்தரே!"

முள்ளம்பன்றியார் பூரித்துப்போனார். முயலம்மாவோ வரிசையை விட்டு விலகினாள். அவள் நேரே தலைவரிடம் சென்றாள்.

"ஐயா, நானும் எழுதித் தருகிறேன். முதலில் தாங்கள் ஓர் இலை கட்டிக்கொண்டு எங்களுக்கு வழிகாட்ட வேண்டும்."

"அதற்கென்ன!" என்று யானையார் முன்வந்தார். காலடி பதித்தார். உறங்கும் இடத்தைச் சொன்னார். கடைசிக் கேள்வி வந்தது.

"எதற்கு அஞ்சுவீர்கள்?"

ஆடிக்கொண்டிருந்த காதுகள் நின்றன. தலைவர் குனிந்து மெல்ல ஏதோ சொன்னார். கடமை தவறாத எழுத்தர், உரக்கச் சொல்லியபடியே எழுதினார்: "தே-னீ."

மரத்துக் குரங்குகள் கிளையைப் பிடித்துக்கொண்டு சிரித்தன. நரியார் மட்டும் சிரிக்கவில்லை. "இங்கே தேன்கூடு எந்த மரத்தில் இருக்கிறது?" என்று பணிவாக விசாரித்தார்.

"எழுத்தரே, இதை எழுதத்தான் வேண்டுமா?" என்றார் யானையார்.

"ஒளிக்க ஒன்றுமில்லாதவர்..."

"போதும்!"

யானையார் இலையை வாங்கினார். காலடி பதிந்த துண்டை மட்டும் கிழித்து வைத்துக்கொண்டு, மீதியை வாயில் போட்டு மென்றார். பிறகு அனைவரின் இலைகளையும் வரவழைத்து காலடித் துண்டை மட்டும் திருப்பித் தந்து, மீதியைத் தின்று தீர்த்தார். குளத்தங்கரைக்குக் காலடி ஒன்றே போதும் என்று ஆணை மாறியது. முயலம்மா வயிறு நிறையக் குடித்துவிட்டுக் குட்டிகளிடம் ஓடினாள்.

காட்டுக்கோழி மட்டும் அன்றே தன் முட்டைகளை ஒவ்வொன்றாக வேறிடத்துக்கு உருட்டிச் செல்ல வேண்டியிருந்தது. நரியார் படித்துவிட்டதை யானையாராலும் தின்ன முடியவில்லை.

ஒருவர் யாரென்று கேட்பது ஆள்வோருக்கு முறையே ஆயினும், அவர் மறைத்துக் காக்கும் வாழ்வை ஊரார் கண்முன் தொங்கவிடச் சொல்வது எவருக்கும் முறையன்று என்பதை உணர்ந்து நடப்போமாக.