புகாரே இல்லாத தெரு

முன்னொரு காலத்தில் பூங்குன்ற நாட்டை வீரகேது என்றொரு ராஜா ஆண்டுவந்தார். நல்ல மனிதர்தான், ஆனால் நினைத்தால் நினைத்ததுதான். மயில் வளர்க்க வேண்டும் என்று முந்நூறு மயில் வாங்குவார். பத்தாம் நாள், "சத்தம் தாங்கவில்லை" என்று அத்தனையையும் காட்டுக்குத் துரத்திவிடுவார்.

அவருக்கு ஒருநாள் திடீரென்று ஒரு சந்தேகம். "நம் தலைநகரத்தில் எந்தத் தெரு பத்திரமான தெரு, எது ஆபத்தான தெரு? பார்த்து வாரும்!" என்று காவல் தலைவர் உக்கிரபாகுவுக்கு உத்தரவிட்டார்.

உக்கிரபாகு மறுநாளே ஓலையோடு வந்து நின்றார்.

"மகாராஜா, நான் குடியிருக்கும் கோட்டைத்தெருவில் இந்த வருஷம் ஒரு புகார்கூட இல்லை. சந்தைத்தெருவிலோ முந்நூற்றுப் பன்னிரண்டு! அத்தனை பேரும் திருடர்கள். அங்கே காவலுக்கு இருக்கும் நல்லணன் ஒன்றுக்கும் உதவாதவன்."

சந்தைத்தெரு ஜனங்கள் நல்லணனை வாய்நிறைய வாழ்த்துவது உக்கிரபாகுவுக்கு வெகுநாளாகவே பொறுக்கவில்லை. ராஜாவுக்கு அது எங்கே தெரியும்?

"பௌர்ணமிக்குள் சந்தைத்தெருவைக் காலி செய்யுங்கள்! எல்லோரும் கோட்டைக்கு வெளியே போகட்டும்!" என்றார்.

சேதி கேட்டு அந்தத் தெருவில் அடுப்பு எரியவில்லை. மோர் விற்கும் செம்பாயி மட்டும் பானையை இறக்கி வைத்துவிட்டு, நேரே அரண்மனைக்கு நடந்தாள்.

"மகாராஜா, அந்த முந்நூற்றுப் பன்னிரண்டில் என் புகார் மட்டும் இருபது."

"அதைப் பெருமையாக வேறு சொல்கிறாயா?"

"ஆமாம் சாமி. கன்றுக்குட்டியைக் காணோம் என்று போய்ச் சொன்னேன். பொழுது சாய்வதற்குள் நல்லணன் தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கட்டினார். சொன்னால் நடக்கும் என்று தெரிந்தால்தானே ஆள் வாய் திறப்பான்?"

உக்கிரபாகு கடகடவென்று சிரித்தார். "மோர்க்காரி நமக்குப் பாடம் நடத்துகிறாள்!"

"பாடம் இல்லை ஐயா, பந்தயம். அரண்மனை வெள்ளிச் செம்பு இரண்டு வேண்டும். நட்டநடுப் பகலில் ஒன்றை எங்கள் தெருவில் வைப்போம், ஒன்றை உங்கள் தெருவில். ராஜாவே மாறுவேஷத்தில் வந்து பார்க்கட்டும். முடியும்வரை நீங்கள் இந்தச் சபையைவிட்டு நகரக்கூடாது. தோற்றால் முதல் ஆளாக நானே ஊரைவிட்டுப் போகிறேன்."

மாறுவேஷம் என்றதும் ராஜா துள்ளி எழுந்துவிட்டார்!

பருத்தி வியாபாரிபோலத் தலைப்பாகை கட்டிக்கொண்டு, முதல் செம்பைச் சந்தைத்தெருக் கிணற்றடியில் வைத்துவிட்டு ஒதுங்கி நின்றார். அவ்வளவுதான். "யார் செம்பு இது?" என்று ஒருத்தி கத்தினாள். "கேட்பாரற்றுக் கிடக்கிறதே, காவல் எங்கே?" என்று இன்னொருவர். கொஞ்ச நேரத்தில் பதினாறு பேர் செம்பைத் தூக்கிக்கொண்டு நல்லணனிடம் ஓடினார்கள். ஒரு செம்புக்குப் பதினாறு புகார்!

அடுத்தது கோட்டைத்தெரு. ராஜா செம்பை வைத்துவிட்டு முகம் கழுவித் திரும்பினார். செம்பைக் காணோம். எதிர் வீட்டுக்காரரிடம் கேட்டால், "நான் எதையும் பார்க்கவில்லை" என்று கதவைச் சாத்திக்கொண்டார்.

ராஜா விறுவிறுவென்று காவல் சாவடிக்குப் போனார். "என் வெள்ளிச் செம்பு திருட்டுப் போய்விட்டது!"

"திருடனைக் கூட்டிக்கொண்டு வந்தாயா?" என்றான் காவலன்.

"இல்லை."

"அப்புறம் எப்படித் திருட்டு? இந்தத் தெருவில் திருட்டே கிடையாது. இருக்கிறது என்று சொல்கிற நீதான் பொய்யன். போய் வெயிலில் ஒற்றைக் காலில் நில்!"

பூங்குன்ற நாட்டு மகாராஜா ஒற்றைக் காலில் நின்றார்.

தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த செம்பாயி அரண்மனைக்கு ஓடினாள். "ஐயா, பந்தயம் முடிந்தது! உங்கள் தெருவில் முதல் புகார் வந்திருக்கிறது!"

உக்கிரபாகு கோபத்தில் ராஜாவின் மாறுவேஷத்தையே மறந்து, மீசை துடிக்கச் சாவடிக்கு வந்தார். "என் தெருவில் புகார் சொல்ல எவனுக்கு இவ்வளவு துணிச்சல்? மறுகாலையும் தூக்கச் சொல்!"

"இரண்டையும் தூக்கினால் விழுந்துவிடுவேனே, உக்கிரபாகு" என்று ராஜா தலைப்பாகையைக் கழற்றினார்.

காவல் தலைவர் தடாலென்று ராஜாவின் காலில் விழுந்தார். ராஜாவுக்குக் கோபம் வரவேண்டிய இடத்தில் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு வெட்கத்தோடு செம்பாயியைப் பார்த்தார்.

"அம்மா, ஒரு ஓலையை நம்பி நூறு குடும்பத்தை வெளியே தள்ளப் பார்த்தேனே!"

அன்றே உத்தரவு ரத்தானது. நல்லணன் நகரக் காவல் தலைவரானார். செம்பாயிக்குப் பத்துக் கறவை மாடும், எந்த நேரமும் சபைக்குள் வரும் உரிமையும் கிடைத்தன. உக்கிரபாகு கோட்டைத்தெருச் சாவடியில் உட்கார்ந்து, வருகிறவர்களுக்கு மோர் கொடுத்து, புகாரைத் தன் கையாலேயே எழுத வேண்டும் என்று தீர்ப்பானது.

அடுத்த மாதம் விருந்துக்கு வந்த அண்டை நாட்டு அரசர், தெருவெல்லாம் தோரணமும் லட்டுமாக இருப்பதைக் கண்டு, "என்ன விசேஷம்? இளவரசர் பிறந்திருக்கிறாரா?" என்று கேட்டார்.

"அதைவிடப் பெரிய விசேஷம்!" என்று வீரகேது ஒரு லட்டை எடுத்து அவர் வாயில் ஊட்டினார். "கோட்டைத்தெருவில் இந்த மாதம் நாற்பது புகார்!"