பேட்டி எடுக்க வந்த தலைமையாசிரியர்

“என் பிள்ளைகிட்ட என்ன குறைன்னு நீங்கதான் பார்த்துச் சொல்லணும் மேஜரம்மா” என்றார் ஏகாம்பரம்.

குடியாத்தத்தில் ஒரு டிரைவிங் ஸ்கூல் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை அதற்கு விடுமுறை. அன்றைக்கு மட்டும் அதன் முன்னறையில் மேஜர் கிருபாவதி உட்கார்ந்திருப்பார். பதினாலு வருஷம் ராணுவத்தில் அதிகாரியாக இருந்து ஊர் திரும்பியவர். வயது நாற்பதுக்குள்தான்.

ராணுவ அகாடமியில் சேர விரும்பும் பிள்ளைகள், தேர்வு வாரியத்தின் முன் போய் உட்காருவதற்கு முன்னால், இங்கே வந்து பேசிப் பழகிக்கொள்வார்கள். யாரும் எதுவும் கொடுக்க வேண்டாம். டீயும் பிஸ்கட்டும்கூட மேஜர் வாங்கி வைப்பதுதான்.

ஏகாம்பரம் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மேஜரைவிட இருபது வயதுக்கு மேல் மூத்தவர். ஆனாலும் அவர்தான் நின்றுகொண்டிருந்தார்.

“உட்காருங்க சார். உங்க மகளா?”

“மாணவி. சுபாஷினின்னு பேரு. கண்டக்டர் பொண்ணு. ரெண்டு தடவை போய்ட்டு வந்துட்டா. எழுத்துத் தேர்வுல பாஸ் பண்ணிடறா. நேர்ல போனா திருப்பி அனுப்பிடறாங்க. மறுபடி அழைப்பு வந்திருக்கு. அடுத்த மாசம் பெங்களூர்.”

“வயசு?”

“அதுதான்ம்மா கவலை. இதோட வயசு தாண்டிடும். இதுதான் கடைசி.”

“ரெண்டு தடவையும் யார் தயார் பண்ணினது?”

ஏகாம்பரம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான்தான். நாப்பத்தெட்டு கேள்வி எழுதி, நாப்பத்தெட்டுக்கும் பதில் எழுதிக் குடுத்திருக்கேன். தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவா.”

“தூக்கத்துல யாரும் கேட்க மாட்டாங்களே சார்” என்றார் மேஜர்.

பிறகு சொன்னார்: “பொண்ணை அப்புறம் பார்க்கறேன். எனக்கு இங்கே ஆள் பத்தலை. நாலு ஞாயிறு வந்து நீங்க பேட்டி எடுத்துக் குடுங்களேன். எடுத்து முடிச்சதும் அந்தப் பிள்ளையைப் பத்தி எழுதிக் குடுங்க. அது போதும்.”

தான் கேட்டது ஒன்று, கிடைத்தது ஒன்று என்று ஏகாம்பரத்துக்குத் தோன்றியது. ஆனாலும் பேட்டி எடுப்பது அவருக்குப் பிடிக்கும்.

முதல் ஞாயிறு ஒரு பையன் வந்தான். மேஜர் இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து, ஆளுக்கொன்றாக வைத்துவிட்டுப் போனார்.

“ஏன் ராணுவத்துக்குப் போகணும்?” என்று கேட்டார் ஏகாம்பரம்.

பையன் வாயைத் திறந்தான்.

“நாட்டுக்குச் சேவைன்னு மட்டும் சொல்லிடாதே. எல்லாரும் அதையேதான் சொல்றாங்க. இப்படிச் சொல்லு…”

முக்கால் மணி நேரம் நன்றாகவே போயிற்று. பையன் தலையாட்டிக்கொண்டே இருந்தான். ஏகாம்பரம் அழகான கையெழுத்தில் இரண்டு பக்கம் எழுதினார்.

மேஜர் வந்தார். மேஜையைப் பார்த்தார். எழுதியதைப் படிக்கவேயில்லை. மடித்து அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்.

“அடுத்த வாரம் பார்க்கலாம் சார்.”

அடுத்த வாரம் ஒரு பெண். ஏகாம்பரம் நாலு பக்கம் எழுதினார். மேஜர் மேஜையைப் பார்த்தார். மடித்துக் கொடுத்தார்.

“அடுத்த வாரம் பார்க்கலாம் சார்.”

மூன்றாவது வாரமும் அப்படியே ஆனதும் ஏகாம்பரத்துக்குக் கோபம் வந்துவிட்டது.

“முப்பத்தி நாலு வருஷம் பரீட்சைத் தாள் திருத்தினவன்ம்மா நான். படிச்சுட்டுத் தப்புன்னு சொன்னா ஒத்துக்கறேன். படிக்காமலே தப்புங்கறீங்களே, இது என்ன நியாயம்?”

மேஜர், பேட்டிக்கு வந்தவன் குடித்த டம்ளரை எடுத்து அவர் முன்னால் வைத்தார். சுத்தமாகக் காலியாக இருந்தது. பக்கத்தில் இருந்த பிஸ்கட் தட்டும் காலி.

“பையன் நல்லா சாப்பிட்டிருக்கான்” என்றார்.

பிறகு ஏகாம்பரத்தின் டம்ளரை நகர்த்தி வைத்தார். வாய்மட்டம் நிறைய டீ. ஆறிப்போய், மேலே தடிப்பாக ஆடை கட்டியிருந்தது.

“இது யாரோடது சார்?”

“என்னோடது.”

“ஏன் குடிக்கலை?”

“எங்கேம்மா நேரம்? நான்…”

அவர் அங்கேயே நிறுத்திக்கொண்டார்.

சுவரில் இருந்த போக்குவரத்துக் குறிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார். ஒலி எழுப்பாதே என்ற குறி வந்ததும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சுபாஷினியை எத்தனை வருஷமாத் தெரியும் சார்?” என்று மேஜர் கேட்டார்.

“ஆறாம் வகுப்புல இருந்து. பதிமூணு வருஷம்.”

“அவளுக்கு என்ன பிடிக்கும்?”

“கணக்கு.”

“அது நீங்க எடுத்த பாடம் இல்லையா?”

ஏகாம்பரம் யோசித்தார்.

“அப்போ ரெண்டு தடவையும் அங்கே போய் உட்கார்ந்தது…” என்று ஆரம்பித்தார். “நான் விலகிக்கறேன்ம்மா. நீங்களே அவளைத் தயார் பண்ணுங்க. இருக்கறது ஒரே ஒரு தடவை. அதையும் நான் கெடுத்துட வேண்டாம்.”

“அவளை நீங்கதான் பேட்டி எடுக்கணும்.”

“நானா?”

“அவளுக்கு உங்ககிட்டதானே பயம்? உங்க எதிர்ல உட்கார்ந்து பேசிட்டான்னா, அப்புறம் யார் எதிர்லயும் பேசிடுவா.”

அன்று சாயங்காலம் ஏகாம்பரம் வழக்கம்போல விளக்கேற்றி முருகன் படத்தின் முன்னால் நின்றார். தினமும் ஒரு பட்டியலே சொல்வார். இந்தப் பிள்ளைக்கு இதைக் கொடு, அந்தப் பிள்ளைக்கு அதைக் கொடு. அன்றைக்கு வாயில் ஒன்றும் வரவில்லை. சும்மா நின்றார்.

அவர் மனைவி சரோஜா எட்டிப் பார்த்தார்.

“என்ன, சாமிகிட்ட சண்டையா? பேச்சையே காணோம்?”

“அவர் ஏதாவது சொல்றாரான்னு பார்க்கறேன்.”

“இத்தனை வருஷத்துல இப்பதான் அவருக்கு வாய்ப்புக் குடுத்திருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அந்த அம்மாள் தோசைக்கல்லைப் பார்க்கப் போய்விட்டார்.

நாலாவது ஞாயிறு சுபாஷினி வந்தாள். இஸ்திரி போட்ட சட்டை. முதுகு வளையாமல் உட்கார்ந்தாள். இரண்டு டம்ளர் டீ வந்தது.

“ஏன் ராணுவத்துக்குப் போகணும்?”

அவள் சொன்னாள். ஒரு சொல் பிசகவில்லை. எல்லாம் ஏகாம்பரம் எழுதிக் கொடுத்தவை.

“நல்லது” என்று சொல்ல நாக்கு துடித்தது. ஒரு வாய் டீ குடித்தார்.

“உன் வாழ்க்கையில ஒரு தோல்வியைச் சொல்லு.”

“தோல்வி என்று எதையும் நான் நினைப்பதில்லை, சார். ஒவ்வொன்றும் எனக்கு ஒரு படிக்கட்டு.”

அதுவும் அவர் எழுதியதுதான். எழுதும்போது அது பிரமாதமாக இருந்தது. இன்னொரு வாய் குடித்தார்.

அறையில் சத்தமே இல்லை.

“சார், தப்பா சொல்லிட்டேனா?”

அவர் இல்லை என்று தலையசைத்தார்.

இன்னும் கொஞ்ச நேரம் போயிற்று.

“சார், உங்களுக்கு உடம்பு ஏதாவது சரியில்லையா?”

“நல்லாத்தான் இருக்கேன். நீ சொல்லு.”

“எல்லாம் சொல்லிட்டேனே சார்.”

“அதெல்லாம் நான் எழுதினது. எனக்குத் தெரியும்.”

சுபாஷினி மிரண்டு போனாள். வாசலைப் பார்த்தாள். தன் கையைப் பார்த்தாள். ஏகாம்பரம் டம்ளரை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“ஒண்ணு இருக்கு சார். ஆனா உங்களுக்குப் பிடிக்காது.”

அவர் குடித்தார்.

“காலேஜ்ல என்.சி.சி. கேம்ப் போனோம், ஏலகிரிக்கு. மேப்பைக் கையில குடுத்து, பதினோரு பேரை என் பின்னாடி அனுப்பிட்டாங்க. நான் மேப்பைத் தப்பாப் பார்த்துட்டேன் சார். நாலு மணி நேரம் நடந்து வேற ஊருக்குக் கூட்டிட்டுப் போய்ட்டேன். அங்கே ஒரு தாத்தா, ‘இங்கே எதுக்கும்மா வந்தீங்க’ன்னு கேட்கறாரு.”

ஏகாம்பரத்துக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“தப்பு என்னோடதுதான்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு பேருக்குக் காலெல்லாம் கொப்புளம். அவங்க பையை நான் வாங்கிக்கிட்டேன். திரும்பி வர்ற வழி முழுக்கப் பதினோரு பேரும் என்னைத் திட்டினாங்க சார். ஆனா திட்டிக்கிட்டே பின்னாடி வந்தாங்க. வந்தாங்க சார்! வீட்டுல நான் கூப்பிட்டா எங்க அண்ணனுங்க திரும்பிக்கூடப் பார்க்க மாட்டாங்க.”

அவள் முகம் சிவந்திருந்தது. முதுகு கொஞ்சம் வளைந்து, கைகள் மேஜைமேல் வந்திருந்தன.

“அன்னைக்குத்தான் இந்த வேலைக்குப் போகணும்னு முடிவு பண்ணேன். இதைப் போய் அங்கே எப்படி சார் சொல்றது? வழி தவறினவளை எவன் எடுப்பான்?”

பதில் அவர் தொண்டை வரைக்கும் வந்துவிட்டது. அவசரமாக டம்ளரை வாயில் வைத்தார். அது எப்போதோ காலியாகியிருந்தது. காலி டம்ளரையே குடித்தார்.

“அப்புறம்?” என்றார்.

பதில் தெரியாமல் அவர் கேட்ட முதல் கேள்வி அது.

சுபாஷினி இன்னும் அரை மணி நேரம் பேசினாள்.

மேஜர் வந்தார். மேஜையைப் பார்த்தார். அவள் டீதான் இன்றைக்கு ஆடை கட்டியிருந்தது. ஏகாம்பரம் எழுதியது அரைப் பக்கம். அதை மேஜர் நின்றுகொண்டே முழுவதும் படித்தார்.

“இந்தப் பொண்ணை எனக்குப் பிடிச்சிருக்கு சார்.”

“எனக்கும்தான்ம்மா. இன்னைக்குத்தான் பார்த்தேன்.”

மேஜர் அவள் பக்கம் திரும்பினார். “இதையே இங்கிலீஷ்ல சொல்லு பார்ப்போம்.”

அவள் சொன்னாள். தடுக்கித் தடுக்கித்தான் வந்தது. ஆனால் பதினோரு பேரும் திட்டிக்கொண்டே அந்த இங்கிலீஷிலும் பின்னால் வந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் பெங்களூர் ரயில். வழியனுப்ப ஏகாம்பரமும் ஸ்டேஷனுக்குப் போயிருந்தார். சுபாஷினியின் அம்மா புளிசாதப் பொட்டலத்தைப் பைக்குள் திணித்துக்கொண்டிருந்தார்.

சுபாஷினி ஜன்னல் வழியாக ஏகாம்பரத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சார், ஒண்ணே ஒண்ணு சொல்லிடுங்க. வழி தவறினதை அங்கே சொல்லலாமா, வேண்டாமா?”

இப்போது அவர் கையில் டம்ளர் இல்லை.

“எனக்கு எப்படிம்மா தெரியும்? அங்கே உட்காரப் போறது நீதானே.”

“என்ன சார், கிளம்பற நேரத்துல இப்படிக் கையை விரிச்சுட்டீங்க?” என்று அவள் அம்மா பதறிப்போனார்.

ஆனால் சுபாஷினி ஏகாம்பரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு சிரித்தாள். ரயில் நகர்ந்தது.

அங்கே போனதும் செல்போனை வாங்கி வைத்துவிடுவார்கள். ஐந்து நாள் ஒரு சேதியும் இல்லை. ஏகாம்பரத்துக்குச் சாப்பாடு இறங்கவில்லை. “ஒரு வரி சொல்லி அனுப்பியிருக்கலாமோ” என்று சரோஜாவிடம் ஐந்து நாளும் கேட்டார். அந்த அம்மாள் ஐந்து நாளும், “சாதம் ஆறுது” என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அவர் டிரைவிங் ஸ்கூலில் இருந்தபோது போன் வந்தது. வாசலுக்கு வந்து எடுத்தார்.

“சார்! எடுத்துட்டாங்க சார்! எங்க கூட்டத்துல மூணே பேர். அதுல நான் ஒருத்தி. மெடிக்கலுக்கு இருக்கச் சொல்லிட்டாங்க.”

ஏகாம்பரம் தோளில் கிடந்த துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்தப் பக்கம் அவளும் அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

பழைய வழக்கம் சும்மா இருக்குமா?

“என்னம்மா கேட்டாங்க? நீ என்ன சொன்னே? ஒண்ணு விடாமச் சொல்லு.”

“ஞாபகம் இல்லை சார்.”

“ஞாபகம் இல்லையா? ஏலகிரியைச் சொன்னியா இல்லையா?”

“சொன்னேன்னு நினைக்கறேன் சார். தெரியலை. பேட்டி எடுக்கறவர் உட்காரச் சொன்னார். அப்புறம் சும்மா பேசிட்டிருந்தோம். திடீர்னு முடிஞ்சுபோச்சு சார்.”

போனை வைத்துவிட்டுத் திரும்பினார். கதவருகே மேஜர் கிருபாவதி நின்றுகொண்டிருந்தார்.

“எடுத்துட்டாங்கம்மா.”

மேஜர் கண்ணை மூடி ஒரு நிமிஷம் நின்றார். திறந்தார்.

“என்ன சொன்னாளாம் சார்?”

ஏகாம்பரம் வாயெல்லாம் சிரிப்பாக நின்றார்.

“அவளுக்கே ஞாபகம் இல்லையாம்!”