முதுகுக்குக் கீழே ஒரு போர்வை

"முதுகு விறைச்சுப் போகுதும்மா. நாளைக்கு நான் மலை இறங்கிடறேன்" என்று ஆசிரமத்துக் குருவிடம் சொன்னார் தணிகைவேல்.

அவர் ரிட்டயர்டான டிரில் மாஸ்டர். குளிருக்குப் பயந்து ஓடுகிற ஆளில்லை. கோபத்தில்தான் கிளம்பினார். வந்த அன்று கேட்ட கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

"ஒரே பொண்ணு. பார்த்துப் பார்த்துச் செஞ்சேன். ஹாஸ்டலுக்குப் போனவ என் நம்பரையே பிளாக் பண்ணிட்டா. ஏன்?"

இதுதான் கேள்வி. தினமும் காலையில் ஆசிரமத்து போனிலிருந்து அவளைக் கூப்பிடுவார். அவர் குரல் கேட்டதும் வைத்துவிடுவாள். மறுபடியும் கூப்பிடுவார்.

குரு பூங்கோதை வயதில் அவரைவிடச் சின்னவர்.

"எதுல படுக்கறீங்க? படுத்துக் காட்டுங்க."

தரையெல்லாம் அட்டைப்பூச்சி என்பதால் அங்கே எல்லோருக்கும் கொட்டகைத் தூண்களில் கட்டிய தூளிதான். தணிகைவேல் தூளிக்குள் தன் பழைய ஸ்லீப்பிங் பேக்கை விரித்து, அதற்குள் புகுந்து படுத்தார்.

குரு குனிந்து, அடியில் கை வைத்துப் பார்த்தார். பஞ்சு அப்பளமாகியிருந்தது.

"உங்க கனத்துல நசுங்கிப்போச்சு. நசுங்கின பஞ்சு சூடு தராது. ஜிப்பைப் பிரிங்க. கால் பக்கத்தை வெட்டுங்க. ஓரத்தை மடிச்சுத் தைச்சு நாடா கோத்துக்குங்க. தூளிக்கு வெளியே, அடியில கட்டுங்க."

"என் கேள்விக்குப் பதில்?"

"முதல்ல தைங்க."

முணுமுணுத்துக்கொண்டே பையைப் போர்வையாகத் தைத்தார். காற்று நுழைந்துவிடக் கூடாதென்று நாடாவை இழுத்து, முடிச்சுமேல் முடிச்சு போட்டார். அன்றும் குளிர்தான்.

குரு தொட்டுப் பார்த்தார். "வெளியே கட்டியும் நசுக்கிட்டீங்க."

டிரில் மாஸ்டருக்கு வந்ததே கோபம். நாடாவை அவிழ்த்துத் தொளதொளவென்று விட்டார்.

"எப்படியோ தொங்கட்டும். அவளையும் இனிமே கூப்பிடப் போறதில்லை. தலைமுழுகிட்டேன்."

குரு தூளிக்கும் போர்வைக்கும் நடுவே கையை விட்டார். முழங்கை வரை போனது.

"இதுக்குள்ள காத்துதான் சுகமா தூங்கும்."

அன்று தணிகைவேல் படுத்தபடியே கையைத் தொங்கவிட்டு, நாடாவை இழுப்பதும் விடுவதுமாக வெகுநேரம் கிடந்தார். எப்போது தூங்கினார் என்று தெரியாது. விழித்தபோது வெயில் வந்திருந்தது.

"குளிரலைம்மா."

"எப்படிக் கட்டினீங்க?"

"தொடற மாதிரி. ஆனா அழுத்தாம..."

அழுகை வந்துவிட்டது. அதை அவர் மறைக்கவும் இல்லை.

குரு போனை அவர் பக்கம் நகர்த்தினார்.

"இன்னிக்குக் கூப்பிடலையா?"

"வேண்டாம்மா. இந்த நம்பர் அவகிட்ட இருக்கு."

சொல்லிவிட்டு எழுந்தார். போன் மணி அடித்தால் கேட்கிற தூரத்தில், வெங்காயம் உரிக்க உட்கார்ந்தார்.