பதினொன்றில் ஒன்பது

“மேடம், இது உண்மையா, பொய்யா? ஒரே வார்த்தை போதும்.”

கேட்டவர் நரம்பியல் மருத்துவர் ரத்தினசபாபதி. வயது ஐம்பத்தேழு.

பதில் சொல்ல வேண்டியவள் நப்பின்னை. வயது முப்பத்துமூன்று. அவர் மருத்துவக் கல்லூரியில் பாடம் நடத்தத் தொடங்கிய வருடம் அவள் பால்வாடியில் இருந்தாள்.

இருந்தும் இரண்டு மாதமாகச் சனிக்கிழமை தவறாமல் பஸ் பிடித்து, மலையடிவாரத்து ஆய்வு நிலையத்துக்கு வந்து, அவள் எதிரில் உட்கார்ந்து கற்றுக்கொண்டிருந்தார். அதில் அவருக்குக் கூச்சமே இல்லை. அந்த ஒரு விஷயத்துக்காகவே அவரைப் பாராட்டலாம்.

நப்பின்னை தேடுவது ஈர்ப்பலைகளை. எங்கோ தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதினால் அதிர்வு கிளம்புகிறது. இங்கே வந்து சேர்வதற்குள் அது இருக்கிறதா இல்லையா என்றே தெரியாத அளவுக்குச் சிறுத்துவிடுகிறது. கருவியோ சாலையில் லாரி போனாலும் ஆடும், காற்று வீசினாலும் ஆடும். அத்தனை ஆட்டத்துக்கு நடுவே நிஜமான ஒன்றைப் பிடிக்க வேண்டும்.

மூளையும் அப்படித்தான் என்று மருத்துவருக்குத் தோன்றியது. அதனால்தான் வந்தார்.

“எது உண்மையான்னு கேக்கறீங்க?” என்றாள் நப்பின்னை.

“கோகிலவாணியோட அலை.”

கோகிலவாணி அவருடைய நோயாளி. விசைத்தறி ஓட்டுகிற பெண், வயது இருபத்தாறு, வலிப்பு நோய். எந்த அறிகுறியும் இல்லாமல் விழுவாள். மாத்திரை பாதிதான் கேட்டது. ஒரு நாள் ஓடுகிற தறி மேலேயே விழுந்தாள். கையில் பதினாறு தையல். அன்றோடு வேலை போனது.

மருத்துவர் அவள் தலையில் ஒரு பட்டையைக் கட்டி, மூன்று மாதம் இரவு பகலாக மூளை அலைகளைப் பதிவு செய்தார். அந்த மூன்று மாதத்தில் பதினொரு தடவை விழுந்தாள். ஒவ்வொரு தடவையும் விழுவதற்கு முந்தைய இரண்டு மணி நேரத்தை மட்டும் வெட்டி எடுத்து ராப்பகலாகப் பார்த்தார்.

ஒன்பதில் ஒரே மாதிரி ஒரு சின்ன அலை இருந்தது.

தலைப் பட்டையில் அந்த அலை தெரிந்தால் அடிக்கிற மாதிரி ஒரு மணியைக் கைக்கடிகாரம் அளவில் செய்யவைத்தார். மணி அடித்தால் இரண்டு மணி நேரம் தறிப் பக்கம் போகக்கூடாது, அவ்வளவுதான். இரண்டு வாரமாக அது கோகிலவாணியின் கையில் இருக்கிறது.

“மணி இருக்கு, டாக்டர் லெட்டரும் குடுத்தா திங்கக்கெழமை வேலைக்கு வான்னு தறிக்காரர் சொல்லிட்டார்” என்றார் மருத்துவர். பையிலிருந்து கடிதத்தை எடுத்து மேஜையில் வைத்தார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. “நீங்க சரின்னு சொன்னா இங்கயே போட்டுடுவேன்.”

நப்பின்னை கடிதத்தைத் தொடவில்லை.

“மூணு மாசப் பதிவு முழுசா கொண்டுவந்திருக்கீங்களா?”

“இருக்கு. ஆனா அதுல மிச்சமெல்லாம் வெறும் நாள்தான் மேடம்.”

“குடுங்க. நீங்க போய்ச் சாப்பிட்டுட்டு வாங்க. இன்னைக்குக் கேன்டீன்ல எலுமிச்சை சாதம்.”

அவர் போய்ச் சாப்பிட்டார். எலுமிச்சை சாதத்தில் உப்பு இல்லை. அவருக்கு அது தெரியவும் இல்லை.

திரும்பி வந்தபோது திரையில் பதினொரு துண்டுகள் தயாராக இருந்தன. ஒவ்வொன்றும் இரண்டு மணி நேரம். தேதி இல்லை, கிழமை இல்லை.

“அந்த அலை எதுலெல்லாம் இருக்குன்னு சொல்லுங்க” என்றாள். பக்கத்து மேஜைக்குப் போய்த் தன் வேலையைப் பார்க்க ஆரம்பித்தாள்.

மருத்துவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. பிறகு துள்ளி எழுந்தார்.

“ஒன்பது! மறுபடியும் பதினொண்ணுல ஒன்பது! தேதியே தெரியாம பாத்தேன், அப்பவும் ஒன்பது. இதுக்கு மேல என்ன வேணும்?”

பேனாவின் மூடியைக்கூடத் திறந்துவிட்டார்.

“சார்” என்றாள் நப்பின்னை. “அதுல ஒண்ணுகூட அவங்க விழுந்த நாள் இல்லை.”

பேனா அப்படியே நின்றது.

“அவங்க விழுந்த ஒவ்வொரு நேரத்தையும் மூணு நாள் தள்ளி வெச்சு வெட்டினேன். அந்த நேரத்துல அவங்க நல்லாத்தான் இருந்திருக்காங்க.”

மருத்துவர் பொத்தென்று உட்கார்ந்தார். முகம் சிவந்துவிட்டது.

“என்னை ஏமாத்திட்டீங்க.”

“ஆமா சார்.”

“என் வயசுக்காவது...”

“இங்க எங்களை நாங்களே அப்படித்தான் ஏமாத்திக்கறோம். எங்க இன்னொரு நிலையம் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கு. வானத்துலேர்ந்து வந்த அலைன்னா ரெண்டு இடத்துலயும் ஒரே சமயத்துல தெரியணும். அதனால வேணும்னே ஒரு இடத்துக் கடிகாரத்தைத் தள்ளி வெச்சுப் பார்ப்போம். அப்பவும் ரெண்டும் பொருந்தினா அது வானம் இல்லை. வெறும் இரைச்சல்.”

மருத்துவர் பேனாவை மூடி வைத்தார்.

“சில சமயம் நாலு பேர் சேர்ந்து, யாருக்கும் சொல்லாம, பொய் அலை ஒண்ணை உள்ள விட்டுடுவாங்க. பொய்யா விட்டதுன்னு எழுதி, உறையில போட்டு ஒட்டி வெச்சிருவாங்க. நாங்க தூங்கறோமா முழிச்சிருக்கோமான்னு பாக்க. ஒரு தடவை அதைக் கண்டுபிடிச்சது நான்தான். நிலையம் முழுக்க மைசூர்பாகு வாங்கிக் குடுத்தேன். அஞ்சு மாசம் கழிச்சு உறையைப் பிரிச்சாங்க.”

“அப்புறம்?”

“அப்புறம் என்ன, மைசூர்பாகு தின்னவங்க எல்லாரும் ஒரு வாரம் சிரிச்சாங்க.”

மருத்துவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்கு வருத்தம் தாங்கவில்லை. எட்டு வருடமாகப் பார்க்கிற பெண். அந்த மணியைக் கட்டிவிட்ட அன்று அவள் இரண்டு கையாலும் கும்பிட்டாள். இப்போது என்ன சொல்வது?

“நான் எங்க தப்புப் பண்ணேன் மேடம்?”

“அவங்களையே கேளுங்க” என்றாள் நப்பின்னை. மேஜையில் இருந்த அவருடைய செல்போனை அவர் பக்கமாக நகர்த்தினாள்.

அவர் கோகிலவாணியின் எண்ணைத் தட்டி, ஸ்பீக்கரில் போட்டார்.

“சொல்லுங்க சார்.” பின்னால் எங்கோ தறிகளின் சத்தம். அவள் வீட்டைச் சுற்றி எல்லாமே தறிக்கூடங்கள்தான்.

“கோகிலா, ஒண்ணு கேக்கறேன். அந்த மணி நீ விழாத நாள்லயும் அடிச்சுதா?”

தறிச் சத்தம் மட்டும் கேட்டது.

“கோகிலா?”

“அடிச்சுதுங்க சார்.”

“எத்தனை தடவை?”

“ஒரு நாளைக்குப் பத்துப் பதினஞ்சு தடவை அடிக்குமுங்க.”

மருத்துவர் கண்ணை மூடிக்கொண்டார்.

“ஏம்மா என்கிட்ட சொல்லலை?”

“விழுந்தா மட்டும் எழுதும்மான்னு சொன்னீங்களே சார். நீங்க குடுத்த நோட்டுல அதுக்கு மட்டும்தானுங்க கட்டம் போட்டிருக்குது. மணி அடிச்சதை எங்கீங்க எழுதறது?”

“வாயால சொல்லியிருக்கலாமில்ல?”

“நீங்க அவ்வளவு சந்தோசமா இருந்தீங்க. எனக்கும் வேலை திரும்பக் கெடைக்குதுன்னு இருந்துச்சு. அடிச்சா அமுத்திப்போட்டுத் தறி ஓட்டிக்கலாம்னு நெனச்சேனுங்க.”

மருத்துவர் மேஜை மேல் இருந்த கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். அதில் அவர் பெயர் பெரிய எழுத்தில் இருந்தது.

“திங்கக்கெழமை போகாதம்மா. லெட்டர் நான் குடுக்க முடியாது. தப்பு உன்மேல இல்லை. என்மேல.”

அவள் அழுகிறாள் என்று தெரிந்தது. அவர் கடிதத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

நப்பின்னை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள்.

“அப்போ இனி என்னதானுங்க சார் பண்றது?” என்றாள் கோகிலவாணி.

“முதல்லேர்ந்து ஆரம்பிக்கலாம். வேற நோட்டு தரேன். கட்டமெல்லாம் வேண்டாம். எல்லா நாளும் எழுதணும். விழாத நாளையும்.”

“அன்னிக்கு என்னங்க சார் எழுதறது? ஒண்ணுமே நடக்கலையே.”

“எந்நேரம் எந்திரிச்ச, என்ன சாப்பிட்ட, யாரோட பேசின, மணி எத்தனை தடவை அடிச்சுது. எல்லாம்தான்.”

அவள் மூக்கை உறிஞ்சிக்கொண்டாள்.

“அப்படின்னா பெரிய நோட்டா வாங்கிட்டு வாங்க சார். விழாத நாளுதானுங்க நெறைய.”