கண் மூடிப் பாடிய அம்பாக்காரன்

கடல் உப்புக் கரிக்கத் தொடங்கியதற்கு வெகுகாலம் பின்னால், நம் பாட்டன்மாரின் பாட்டன்மார் தவழத் தொடங்கியதற்கு வெகுகாலம் முன்னால், புன்னைத்துறை என்று ஒரு கடற்கரைப் பட்டினம் இருந்தது. நிஜமாகவே இருந்ததா என்று கேட்காதீர்கள். வலைக்குள் வந்த மீனிடம் எந்த ஊர் என்று யாராவது விசாரிப்பார்களா?

அந்த ஊரில் காலை நேரத்துப் பனிமூட்டம் கடலுக்கும் கரைக்கும் நடுவே வெள்ளைச் சேலை கட்டித் தொங்கவிட்டது போல நிற்கும். ஆள் தெரியாது, சத்தம் மட்டும் வரும். சங்கு அறுக்கும் வாள் கரகரவென்று கேட்கும். தோணியின் முகப்பில் கண் எழுதுகிற கிழவர் வண்ணச் சட்டியைத் தட்டுவார். பனையோலைப் பெட்டி முடைகிற பெண்கள் ஒருத்தியை ஒருத்தி கேலி செய்து சிரிப்பார்கள். பிறகு எல்லாச் சத்தத்துக்கும் மேலே ஒரு குரல் எழும்பும். அது வலம்புரியானின் குரல்.

வலம்புரியான் அந்த ஊரின் அம்பாக்காரன். அம்பா என்றால் வலை இழுக்கும்போது பாடுகிற பாட்டு. தோணி கடலுக்குள் போய் வலையை அரைவட்டமாக விட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு நுனியிலும் இரண்டு கயிறு. வலது கயிற்றில் முப்பது பேர், இடது கயிற்றில் முப்பது பேர், மணலில் காலை ஊன்றி இழுப்பார்கள். இரண்டும் ஒன்றாக வரவேண்டும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால் வலை முறுக்கிக்கொள்ளும். அறுபது பேரையும் ஒரே மூச்சில் இழுக்க வைப்பது அம்பாக்காரனின் குரல்தான்.

அவன் கைக்கு வேலை கிடையாது, கண்ணுக்குத்தான் வேலை. நடுவே மணல்மேட்டில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பான். இடது பக்கம் தொய்ந்தால் உடனே எடுத்துவிடுவான்:

"இடத்துக் கயித்துல எறும்பு ஊருதோ – ஏலேலோ!
எழுப்பி விடவா மதினிமாரே – ஏலேலோ!"

"ஐலசா!" என்று மதினிமார் சிரித்துக்கொண்டே ஒரு முழம் கூடுதலாக இழுப்பார்கள். வலது பக்கம் பிந்தினால் அந்தப் பக்கத்து மாமன்மாருக்கும் ஒரு குத்து இருக்கும்.

அந்த ஊரில் இரண்டு வழக்கம் உண்டு. வலையிலிருந்து எடுக்கும் முதல் மீன் அம்பாக்காரனுக்கு. கயிற்றில் கை வைத்தவர் வழிப்போக்கரானாலும் சரி, அவருக்கும் ஒரு கைப்பிடி மீன்.

இப்படி இருக்கையில், மலையடிவாரத்து அரண்மனையில் பொன்னிழை என்று ஓர் அரசி இருந்தாள். அவள் கடலையே கண்டதில்லை. உப்பு வணிகர்கள் புன்னைத்துறைப் பாட்டைப் பற்றிச் சொல்லச் சொல்ல அவளுக்கு ஆசை மூண்டது. பன்னிரண்டு பேர் தூக்குகிற பல்லக்கில் ஏறிக் கடற்கரைக்கே வந்துவிட்டாள். மணலில் பட்டுக் கூடாரம் அடித்தார்கள்.

"உன் பாட்டை மூன்று நாள் கேட்பேன்" என்றாள் அரசி. "மூன்று நாளும் மனம் நிறைந்தால் உன்னை என் அவைப் பாடகன் ஆக்குவேன்."

வலம்புரியானுக்குத் தலை கிறுகிறுத்தது. அரண்மனைக்காக இல்லை. அவள் சொன்ன ஒரு சொல்லுக்காக. பிறந்ததிலிருந்து அவன் பாட்டை ஊரில் ஒருவரும் பாட்டு என்று சொன்னதில்லை. "ஏ வலம்புரி, சத்தம் குடுப்பா" என்றுதான் கூப்பிடுவார்கள். மழைக்கும் சத்தம், மாட்டுக்கும் சத்தம், அவனுக்கும் சத்தம். முதல்முறையாக ஒருத்தி பாட்டு என்றாள். மனுஷன் உருகாமல் என்ன செய்வான்?

முதல் நாள் வலை இறங்கியது. வலம்புரியான் பாட்டை எடுத்தான். அரசி கண்ணை மூடிக்கொண்டு தலையசைத்தாள். அதைப் பார்த்து அவனும் கண்ணை மூடிக்கொண்டான்.

மூடிய கண்ணுக்குள் கடல் பச்சைக் கண்ணாடியாகக் கிடந்தது. அதன்மேல் அவன் குரல் கால் நனையாமல் நடந்தது. "ஏலே..." என்று இழுத்தான். இன்னும் கொஞ்சம் இழுத்தான். எவ்வளவு இழுத்தாலும் கண்ணாடி முடியவில்லை. "...லோ" என்று முடிக்கவே அவனுக்கு மனம் வரவில்லை.

கயிறு பிடித்தவர்கள் அந்த "லோ"வுக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். வலை கோணிக்கொண்டு வந்தது. பாதி மீன் நழுவிப் போயிருந்தது. வலைக்குத் தலைவரை அங்கே மண்டாடி என்பார்கள். மண்டாடி சேந்தன் வந்து, "ஏ வலம்புரி, நிறுத்தி நிறுத்தி இழுத்தா கை காந்துதுப்பா. சட்டுபுட்டுன்னு சத்தம் குடு" என்றார்.

"இது சத்தமில்ல அண்ணே, பாட்டு" என்றான் வலம்புரியான்.

இரண்டாம் நாளும் வலை இறங்கியது. அரசி கண்ணை மூடினாள், அவனும் மூடினான். இந்த முறை அலைகள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டாக நின்றன. உச்சியில் அரண்மனை வாசல் தெரிந்தது. பாடிக்கொண்டே ஏறினான். வலையில் அன்று பாசியும் சொறிமீனும்தான் வந்தன. ஊரில் பல அடுப்பு பற்றவில்லை.

வீட்டுக்குப் போனதும் அவன் மனைவி பேச்சி உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். அவள் இடது கயிற்றில் முதல் ஆளாக நிற்பவள். தோல் உரிந்து சிவந்து கிடந்தது.

"இந்தாருங்க, நீங்க கண்ணை மூடிக்கிட்டா கயித்தை யாரு பாப்பா?"

"நாளைக்கு ஒருநாள் பொறு புள்ள. அப்புறம் இந்தக் கயிறே உனக்கு வேண்டாம்."

"எனக்கு வேண்டாம் சரி. எந் தம்பிக்கு?"

அவள் தம்பி திரையன். வலையின் நடுவே மீன் சேருகிற பையை மடி என்பார்கள். மடி பாறையில் சிக்காமல் அதனோடு கூடவே ஒருவன் நீந்தி வரவேண்டும். ஊரில் அந்த வேலை திரையனுக்கு. வலம்புரியான் பாயை விரித்துப் படுத்தான். அவன் காதுக்குள் நாளைக்குப் பாட வேண்டிய, குரலை நீட்டி வளைக்கிற இழைப்பு ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் கடலின் முகம் மாறியிருந்தது. நீரோட்டம் தெற்கே இழுத்தது. வேறு நாளாயிருந்தால் வலை விட்டிருக்கமாட்டார்கள். முதல் நாள் அரைப் பானை, மறுநாள் வெறும் பானை, என்ன செய்வது? இறக்கினார்கள். திரையன் மடியோடு நீந்தினான்.

வலம்புரியான் பாட்டை எடுத்தான். அரசி கண்ணை மூடினாள். அவனும் மூடினான். மூடிய கண்ணுக்குள் படிக்கட்டு முடிந்து வாசல் திறந்தது. உள்ளே முத்துச்சிப்பியின் உட்புறம் மாதிரி மினுங்குகிற மண்டபம். அதன் நடுவே நின்று "ஏலே..." என்று தொடங்கினான். அப்படி ஓர் இழைப்பு அவன் ஆயுளில் பாடியதில்லை. வளைந்தது, சுழன்றது, ஏறியது, இறங்கியது. கடைசியில் "...லோ" என்று முடித்துவிட்டு, அறுபது குரலும் "ஐலசா" என்று வந்து விழக் காத்திருந்தான்.

வரவில்லை.

இன்னொரு முறை பாடிப் பார்த்தான். அப்போதும் வரவில்லை. அத்தனை பெரிய மண்டபத்தில் சிரிக்க ஒரு மதினி இல்லை, முறைக்க ஒரு மாமன் இல்லை. வெகுதொலைவிலிருந்து ஒரே ஒரு குரல், தண்ணீர் குடித்த குரல், வந்தது.

"சத்தம் குடு மச்சான்!"

வலம்புரியான் கண்ணைத் திறந்தான்.

வலது கயிறு வெகுதூரம் முந்தியிருந்தது. இடது கயிற்றை நீரோட்டம் பிடித்துக்கொண்டு, அந்த முப்பது பேரையும் கடலுக்குள் இழுத்துக்கொண்டிருந்தது. பேச்சி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள், கயிற்றை விடவில்லை. அதற்கு அப்பால் வலை முறுக்கிக் கிடந்தது. முறுக்குக்குள்ளிருந்து திரையனின் ஒரு கை மட்டும் மேலே தெரிந்தது.

கூடாரத்தில் அரசி இன்னும் கண்ணைத் திறக்கவில்லை. முகத்தில் சிரிப்பு. அந்த இழைப்பை மறுபடி பாடு என்பது போல ஒரு விரலை உயர்த்தினாள்.

ஒரு மூச்சு நேரம்தான். அந்த ஒரு மூச்சில் மண்டபமும் படிக்கட்டும் பச்சைக் கண்ணாடியும் அவனைக் கூப்பிட்டன. கூப்பிடவில்லை என்று சொன்னால் நான் பொய்யன். ஆனால் அவன் இப்போது பார்த்துவிட்டான். பார்த்தபிறகு எப்படி மூடுவது? அடிவயிற்றிலிருந்து கத்தினான்.

"வலத்துக் கயிறே நின்ன இடத்துல நில்லு – ஏலேலோ!
இடத்துக் கயிறே இறுக்கிப் பிடி – ஏலேலோ!
மடிக்குள்ள எம் மச்சினன் – ஏலேலோ!
மணலுக்கு வரணும் ஒரே மூச்சா – ஏலேலோ!"

"ஐலசா!"

குரல் உடைந்து பிசிறியது. அரசி திடுக்கிட்டு, கண்ணைத் திறக்காமலே, "ஏன் நிறுத்தினாய்? இது என்ன, காக்கை கரைவது போல?" என்று கேட்டாள். அவன் திரும்பவில்லை. அவன் கண் ஆள் தேடிக்கொண்டிருந்தது. இடது பக்கத்துக்கு இன்னும் பலம் வேண்டும். பல்லக்கு நிழலில் பன்னிரண்டு பேர் சும்மா நின்றார்கள்.

"பல்லக்குத் தூக்குற அண்ணன்மாரே – ஏலேலோ!
பாத்துக்கிட்டு நிக்கிற நேரமில்ல – ஏலேலோ!"

பன்னிரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அரசியின் உத்தரவைக் கேட்கக்கூட நிற்கவில்லை, ஓடிப்போய் இடது கயிற்றைப் பிடித்தார்கள். அப்போதுதான் அரசி கண்ணைத் திறந்து கடலைப் பார்த்தாள். மூன்று நாளாகக் கடற்கரையில் இருந்தவள், அன்றுதான் முதல்முறையாகப் பார்த்தாள். அந்தக் கையைப் பார்த்தாள். அவளும் ஓடி வந்து கயிற்றின் வாலைப் பிடித்தாள்.

"ஏலேலோ!" "ஐலசா!" "ஏலேலோ!" "ஐலசா!" பாட்டு ஒரு முழம், கயிறு ஒரு முழம். முறுக்கு மெல்லப் பிரிந்தது. திரையனை மணலில் கவிழ்த்துப் போட்டார்கள். இருமினான், கடலில் பாதியைக் கக்கினான், பிறகு மூச்சு விட்டான். பேச்சி தம்பியின் தலையை மடியில் வைத்துக்கொண்டு சத்தம் போட்டு அழுதாள். ஊரே அழுதது.

வலை கிழிந்திருந்தது. ஒரு கூடைச் சாளை மீன் மட்டும் மிஞ்சியது. மண்டாடி சேந்தன் அதில் மூன்றை எடுத்து அரசியிடம் நீட்டினார்.

"எனக்கா?"

"கயிறு தொட்டாச்சுல்ல தாயி. வாங்கிக்கிடணும்."

அரசி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டாள். உள்ளங்கை சிவந்து எரிந்தது. வலம்புரியானைப் பார்த்து, "இந்த மூன்று நாளில் எதுதான் உன் பாட்டு?" என்று கேட்டாள்.

"கண்ணை மூடிக்கிட்டுப் பாடுனது எம் பாட்டு தாயே. தொறந்துகிட்டுப் பாடுனது இவங்க பாட்டு."

"அப்படியானால் வந்து அதைப் பாடு. வாக்குக் கொடுத்திருக்கிறேன்."

"அரண்மனையில கயிறு இருக்கா தாயே?"

அரசி யோசித்தாள். பிறகு மெதுவாக, "இருக்கிறது. அதைப் பிடித்திருப்பவர்களை இத்தனை நாள் நான்தான் பார்க்கவில்லை" என்றாள். அதற்குமேல் அவனைக் கூப்பிடவில்லை.

அம்பாக்காரனுக்கென்று ஒதுக்கி வைத்த முதல் மீன் கூடையில் அப்படியே கிடந்தது. வலம்புரியான் கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டான். வாங்க அவனுக்கு முகமில்லை. திரையன் இருமிக்கொண்டே எழுந்து வந்தான், அந்தக் கையைப் பிடித்து இழுத்தான், மீனை வைத்தான்.

"நாளைக்கும் நான் மடியோட போகணும்" என்றான். "சத்தம் குடுப்பியா மச்சான்?"

பாட்டு என்ற சொல்லுக்கு ஏங்கிய வலம்புரியானுக்கு, அந்தச் சத்தம் என்ற சொல்லைக் கேட்டுக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. அழுதான், ஆனால் கண்ணை மூடவில்லை.

அரசி ஊர் திரும்பினாள். அவையில் புலவர்கள் புகழ்ந்து பாடும்போதெல்லாம் பழைய பழக்கத்தில் அவள் கண் தானாக மூடும். உடனே உள்ளங்கையில் மீன் வாசம் வருவது போலிருக்கும். கண்ணைத் திறந்து, வாசலில் யார் நிற்கிறார்கள் என்று பார்ப்பாள். பல்லக்குத் தூக்குகிறவர்களின் தோளை அவள் பார்த்தது அதற்குப் பிறகுதான். அந்தப் பல்லக்கு பிறகு வெகுநாள் ஓரமாகவே கிடந்ததாம்.

ஆகவே மக்களே, நம்மைப் புகழ்கிறவர்களைப் பார்த்து அல்ல, நம்மை நம்பிக் கயிறு பிடித்தவர்களைப் பார்த்தபடியே நம் வேலையைச் செய்ய வேண்டும்.