வளையத்தை எறிந்தவன்

மலைமேல் இருந்த அந்த ராணுவப் பயிற்சி முகாமில் பயிற்சி கொடுப்பவரை 'சார்' என்று கூப்பிட்டால் அவர் காதில் விழாது. 'உஸ்தாத்' என்றால்தான் திரும்புவார்.

கைக்குண்டு எறியக் கற்றுக்கொடுத்தவர் ஹவில்தார் ஏசுவடியான். நாகர்கோவில் பக்கம். திட்டும்போதும் 'மக்கா' என்பார், தட்டிக்கொடுக்கும்போதும் 'மக்கா' என்பார். எது எது என்று புதிதாக வந்தவர்களுக்குப் பிடிபடக் கொஞ்ச காலம் ஆகும்.

அவர் வேலையை யாரும் கேட்டு வாங்கமாட்டார்கள். புதிதாகச் சேர்ந்த ஒவ்வொரு ரெக்ரூட்டும் வாழ்க்கையில் முதல்முறையாக வெடிக்கிற நிஜக் குண்டைக் கையில் எடுக்கும்போது, மணல் மூட்டை அடுக்கிய குழிக்குள் அவன் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மற்ற எல்லோரும் தூரத்தில் மண்மேட்டுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொள்வார்கள். எறிகிறவனும் உஸ்தாதும் மட்டும்தான் குழியில்.

அந்த வருடம் வந்தவர்களில் வெயிலுமுத்து என்று ஒருவன். கோவில்பட்டிக்காரன். பிறவி இடக்கையன். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. இடக்கையன் என்று தெரிந்தால் ராணுவத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்கள் என்று எவனோ சொல்லியிருந்தான், இவனும் நம்பிவிட்டான். எல்லாவற்றையும் வலது கையால் செய்து சமாளித்துக்கொண்டிருந்தான்.

இரும்புக் கட்டியை வைத்து எறியப் பழகிய நாட்களில் அவன் கட்டி மணல் மூட்டைச் சுவரைத் தாண்டியதும் விழுந்துவிடும்.

"என்ன மக்கா, கோழிக்கு அரிசி போடுதியா?" என்பார் உஸ்தாத்.

மற்றவர்கள் சிரிப்பார்கள். வெயிலுமுத்து பல்லைக் கடித்துக்கொண்டு மறுபடி வலது கையாலேயே எறிவான். ஒருவழியாகத் தேறினான்.

முறை இதுதான். வலது கையில் குண்டு. அதன் பக்கவாட்டில் இருக்கும் லீவரை உள்ளங்கையோடு அழுத்திப் பிடிக்க வேண்டும். லீவரைப் பூட்டி வைத்திருக்கும் ஊசியை, அதன் வளையத்தில் விரல் கோத்து இடது கையால் உருவ வேண்டும். எறிய வேண்டும், உட்கார வேண்டும். லீவரை அழுத்திப் பிடித்திருக்கும்வரை குண்டு சாது. விட்டால் நான்கு விநாடி. அதற்குமேல் பேச ஒன்றுமில்லை.

பழகிய இரும்புக் கட்டியில் வளையம் கிடையாது. இடது கைகள் எல்லாம் வெறும் காற்றை உருவித்தான் பழகியிருந்தன.

நிஜக் குண்டு எறியும் நாள் வந்தது. வெயிலுமுத்து குழிக்குள் இறங்கினான். உஸ்தாத் குண்டை அவன் வலது கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கிப் பார்த்தார். சரியாக இருந்தது.

"உருவு."

உருவினான்.

"எறி."

வெயிலுமுத்துவின் உடம்பு முழுக்கப் பயம். பயம் வந்ததும் அவன் சொந்தக் கை முந்திக்கொண்டது. இடது கையில் என்ன இருந்ததோ அதை எறிந்தான். வளையம் பளிச்சென்று வெயிலில் மின்னிக்கொண்டு போய் மைதானத்தின் நடுவில் விழுந்தது. அது போன தூரத்துக்கு மெடலே கொடுக்கலாம்.

எறிந்தவன் பழகியபடி சட்டென்று உட்கார்ந்து தலையைக் கவிழ்த்துக்கொண்டான். உஸ்தாதும் உட்கார்ந்தார். இருவரும் வெடிச் சத்தத்துக்காகக் காத்திருந்தார்கள்.

சத்தம் வரவில்லை.

உஸ்தாத் மெல்லத் திரும்பிப் பார்த்தார். வெயிலுமுத்துவின் வலது கை நெஞ்சோடு ஒட்டியிருந்தது. கைக்குள் குண்டு.

"கர்த்தாவே" என்றார் உஸ்தாத்.

வெயிலுமுத்துவும் அப்போதுதான் பார்த்தான்.

"அப்படியே இரி மக்கா. அசையாதே."

உஸ்தாத் தன் இரண்டு கைகளையும் அவன் கையைச் சுற்றிப் பொத்தினார். விரல்கள் கட்டைபோல் இறுகியிருந்தன. வேறு வளையத்தின் ஊசியைச் செருகவும் வழியில்லை. அது நுழைகிற ஓட்டையின் மேலேயே ஒரு விரல் பூட்டிக்கொண்டிருந்தது.

"என்கிட்ட தா."

"தர வரல, உஸ்தாத்."

"விரலைத் தளர்த்து."

"என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது."

உஸ்தாத் வலுக்கட்டாயமாகப் பிரித்துப் பார்க்கவில்லை. இழுக்கிற இழுப்பில் லீவர் நழுவிவிடலாம். மண்மேட்டிலிருந்து மேலதிகாரியான சுபேதார் கத்தினார்.

"என்ன ஆச்சு ஏசுவடியான்?"

"பேசிட்டிருக்கோம், சாப்!"

வெயிலுமுத்துவின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. தான் சாவதைக்கூட அவன் அவ்வளவாக நினைக்கவில்லை. பக்கத்தில் இருக்கும் இந்த மனிதரைக் கொன்றுவிடுவோமோ என்பதுதான் அவனைப் போட்டு ஆட்டியது.

"நீங்க போயிருங்க, உஸ்தாத். சுவருக்கு அந்தப் பக்கம் குதிச்சிருங்க. உங்களுக்குப் பிள்ளைங்க இருக்கு."

"இருக்கு. மூத்தவ சரியான வாயாடி. உங்க ஊர்ல என்னலே விளையாடுவே?"

"என்னது?"

"கேட்டதுக்குப் பதில் சொல்லு."

"கிரிக்கெட்."

"எங்க நிப்பே?"

"பவுண்டரில."

"அங்கேருந்து பந்து கீப்பர் கைக்கு வந்து சேருமா?"

"நேரா வரும், உஸ்தாத்."

"உன் எறியை நான் பாத்திருக்கேன். அரைத் தூரம்கூட வராது. எந்தக் கையால எறிவே?"

வெயிலுமுத்து குண்டையே பார்த்தான். உஸ்தாத் காத்திருந்தார். அவருக்கு வேறு எங்கும் போக வேண்டிய வேலை இல்லாததுபோல இருந்தது.

"இடது கை" என்றான்.

"அட, படுபாவி. ஏன்லே சொல்லல?"

"வீட்டுக்கு அனுப்பிருவீங்கன்னு ஒருத்தன் சொன்னான்."

"அவன் எந்த ரெஜிமென்ட்?"

"டீக்கடையில நின்னுட்டிருந்தான்."

உஸ்தாதுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் கை குலுங்கும் என்று உதட்டைக் கடித்து அடக்கினார். வெயிலுமுத்துவுக்கும் அழுகைக்கு நடுவில் ஏதோ ஒரு சத்தம் வந்தது. சிரிப்பென்று சொல்ல முடியாது. ஆனால் மூச்சு கொஞ்சம் சீரானது.

"இப்ப கேளு மக்கா. உன் இடது கையை மேல கொண்டு வா. வலது கைமேல வை. அவசரமே கிடையாது."

இடது கை வந்தது. அது நடுங்கவில்லை.

உஸ்தாத் தன் கட்டைவிரலை லீவர்மேல் வைத்து அழுத்திக்கொண்டார். வலது கையின் சுண்டுவிரலை மெல்ல நிமிர்த்தி, அந்த இடத்தில் இடது கையின் விரலை மடக்கினார். பிறகு அடுத்த விரல். நான்கு கைகள் ஒரு குண்டைச் சுற்றி இருந்தன. சோறு உருட்டுகிறவர்கள்போல் இருவரும் தலையோடு தலை குனிந்திருந்தார்கள்.

கடைசியில் குண்டு வெயிலுமுத்துவின் இடது கைக்குள் முழுதாக வந்தது. வலது கை மரத்துப்போய்க் கீழே விழுந்தது.

எட்டிப் பார்த்த சுபேதாருக்கு நடப்பது புரிந்துவிட்டது.

"அவன் கையில் கொடுக்காதே! நீயே வாங்கி எறி!"

உஸ்தாத் காதில் வாங்கிக்கொள்ளவில்லை. வெயிலுமுத்துவின் கையிலிருந்து தன் கைகளை எடுத்தார். எழுந்து அவன் பக்கத்தில் நின்றார்.

"எழுந்திரி. கீப்பர் நிக்கான், பாத்தியா? அந்தக் கறுப்புப் பாறைக்கு முன்னால."

"பாத்தேன்."

"கொடு அவனுக்கு."

வெயிலுமுத்து எறிந்தான். இருவரும் உட்கார்ந்தார்கள். நிலம் அதிர்ந்தது. மண் மழைபோல் மேலே கொட்டியது.

மண்மேட்டுக்குப் பின்னால் யாரோ விசிலடித்தார்கள். சுபேதார் விசிலடித்தவனைத் திட்டினார்.

வெயிலுமுத்து குழியின் மூலையில் வாந்தி எடுத்தான். வாயைத் துடைத்துக்கொண்டு ஹெல்மெட்டைக் கழற்றி மணல் மூட்டையின்மேல் வைத்தான்.

"நான் ஊருக்குப் போயிர்றேன், உஸ்தாத்."

"எதுக்கு?"

"பயத்துல கை பூட்டிக்கிச்சு. இதே சண்டையில நடந்தா பக்கத்துல நிக்கிறவனும் செத்தான். பயந்தாங்கொள்ளியை வச்சு நீங்க என்ன செய்வீங்க? சுபேதார் சாப் சொல்றதுக்கு முன்னாடி நானே போயிர்றேன்."

உஸ்தாத் மணல் மூட்டையில் சாய்ந்து உட்கார்ந்தார். இடுப்பிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்தார். மூடியைத் திருகினார். அது திறக்கவில்லை. மறுபடி திருகினார். விரல்கள் வழுக்கி வழுக்கி விலகின. பாட்டில் கிடுகிடுவென்று நடுங்கியது.

"இதைத் திறந்து தா மக்கா. எனக்கு விரல் வரமாட்டேங்குது."

வெயிலுமுத்து வாங்கித் திறந்து கொடுத்தான். உஸ்தாத் குடித்தார். பாதித் தண்ணீர் சட்டையில் கொட்டியது. வெயிலுமுத்து அவர் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"உஸ்தாத், உங்களுக்கும் பயமா?"

"பின்னே? நான் என்ன கல்லா?"

"அப்ப ஏன் போகல? சுவர் பக்கத்துலதானே இருந்துச்சு. ஒரே தாவு. நானே போகச் சொன்னேனே."

உஸ்தாத் ஹெல்மெட்டை எடுத்து அவன் தலையில் வைத்தார்.

"நீ கெட்டியா பிடிச்சிருந்தியேலே. அந்தத் தைரியம்தான்."